பனி படியாத இடம்

ஜெர்மனியில், இந்த வுப்பர்டாலில் கத்தரிக்காய் வளர்ப்பதென்றால் இரண்டு உறைபனிகளுக்கு நடுவே புகுந்து ஓடுவதுதான். மே மாத நடுவில் ‘குளிர் சோஃபி’ என்று இந்த ஊர்ச் சனம் சொல்லும் நாள் கழியும்வரை ஒரு கன்றையும் வெளியே நடக்கூடாது. ஒக்டோபர் பிறந்தால் எந்த விடியலிலும் உறைபனி வந்து எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடும். அந்த இடைவெளிக்குள் பூத்துக் காய்க்க வேண்டுமென்றால் மார்ச்சிலேயே வீட்டுக்குள், ஹீட்டருக்கு மேலே ஜன்னலடியில், விதை போட்டுவிட வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் என் மனுசனுடையது. எனக்குச் சமைக்கத்தான் தெரியும். மலைச்சரிவில் குத்தகைக்கு எடுத்த அந்தத் தோட்டத்துண்டு அவருடைய ராச்சியம்.

அகதியாக வந்த காலத்தில் யாரோ கொடுத்த வெள்ளைக் கத்தரி விதையை அவர் வருடா வருடம் காயவைத்து, சாம்பல் கலந்து, ஒரு கோப்பிப் போத்தலில் வைத்திருந்தார். இந்தக் குளிருக்குப் பழகின விதை, உலகத்தில் வேறு எங்கும் கிடையாது என்று வருகிறவர்களிடம் எல்லாம் பீற்றுவார். போன ஒக்டோபரில், உறைபனி வருகிறதென்று கேள்விப்பட்டு, விதைக்கு விட்டிருந்த காய்களைப் பிடுங்கப் போனார். கத்தரிப் பாத்திக்கும் வேலிக்கும் இடையிலிருந்த புல்லில் விழுந்தார். அம்புலன்ஸ் வருமுன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. காய்கள் செடியிலேயே கறுத்துப்போயின. போத்தலில் மிச்சம் கிடந்தது பழைய விதை மட்டும்தான். அது முளைக்காவிட்டால் அவருடைய கத்தரி அத்தோடு சரி.

சொந்தக்காரருக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்னது என் மகன். மரணப் பதிவுக்கென்று கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியதும் அவன்தான். என் வாயால் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை.

மார்ச்சில் போத்தலைக் கையில் எடுத்தபோது அவருடைய தங்கை பக்கத்தில் நின்றாள்.

“மச்சாள், வருசம் திரும்பி ஆட்டைத்திவசம் முடியட்டும். அதுவரைக்கும் நீங்கள் விதை போடக்கூடாது. கைராசி எண்டு ஒண்டு இருக்கெல்லோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கை என்ன நெருப்பா? ஆனால் அந்த நாட்களில் சண்டைபிடிக்கவும் எனக்கு உடம்பில் வலு இல்லை. அவளே ஒரு தட்டில் போட்டாள். ஒன்றும் வரவில்லை. பிறகு மகன் இன்னொரு தட்டில் போட்டான். அதிலும் ஒரு பச்சையைக் காணோம். விரலால் மண்ணைக் கிளறி ஒரு விதையை எடுத்துப் பார்த்தேன். சூட்டிலும் ஈரத்திலும் கிடக்கிற விதை முளைக்க வேண்டும், இல்லையென்றால் அழுக வேண்டும். இது இரண்டும் இல்லை. நேற்றுப் போட்டதுபோல் மினுங்கிக்கொண்டு கிடந்தது. கையில் வைத்திருக்க ஏனோ பயமாக இருந்தது. திரும்பவும் மண்ணுக்குள் தள்ளிவிட்டேன்.

ஏப்ரலில் உருளைக்கிழங்கு நடத் தோட்டத்துக்குப் போனேன். காலை உறைபனி. புல், வேலி, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாம் வெள்ளை. அவர் விழுந்த இடம் மட்டும் பச்சையாகக் கிடந்தது. ஒரு ஆள் சரிந்து படுத்தால் எவ்வளவோ அவ்வளவு. வெயில்தான் காரணமென்று முதலில் நினைத்தேன். வெயில் அந்தப் பக்கம் மத்தியானத்துக்கு முன் எட்டிப்பார்க்காது. குனிந்து கையை வைத்தேன். சூடு இல்லை. ஆனால் குளிரவும் இல்லை.

அதன்பிறகு உறைபனி விழுந்த காலைகளில் எல்லாம் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். மகனிடம் சொல்லவில்லை, சொன்னால் டாக்டரைப் பார்க்க நாள் குறித்து டெர்மின் எடுத்துவிடுவான். பயந்து பயந்துதான் போனேன். போகாமல் இருக்கவும் ஏலவில்லை. அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் நின்றால் தனியாக நிற்பதுபோல் தெரியவில்லை.

அடுத்த தோட்டத்து ஜெர்மன்காரர், தேன்பெட்டி வைத்திருக்கும் கிழவர், ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். அவரும் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, கத்தரி எப்படி என்று கேட்டார். முளைக்கவில்லை என்றேன். “விதைகளுக்கு யாராவது சொன்னீர்களா?” என்று கேட்டார்.

அவருடைய தாய் வீட்டில் ஒரு வழக்கமாம். குடும்பத் தலைவர் செத்தால் வீட்டு ஆள் ஒருவர் போய்த் தேனீக்களுக்குச் சொல்ல வேண்டும், மரங்களுக்குச் சொல்ல வேண்டும், விதைப் பானையை அசைத்து அதற்கும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவை அவர் வரட்டும் என்று காத்துக்கொண்டே இருக்குமாம்.

கிழவனுக்கு விசர் பிடிச்சிட்டுது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் மண்ணுக்குள் மினுங்கின அந்த விதை கண்ணை விட்டுப் போகவில்லை. நாளும் போய்க்கொண்டிருந்தது. இனியும் பிந்தினால் ஒக்டோபர் பனிக்கு முன் காய் முற்றாது.

மறுநாள் காலை, மகன் வேலைக்குப் போனபின், இரண்டு தட்டுகளையும் போத்தலையும் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் வைத்தேன். போத்தலைக் குலுக்கினேன்.

“அவர் செத்துப்போனார்,” என்றேன். “தோட்டத்திலேயே செத்துப்போனார். இனி வரமாட்டார். அவருக்காகக் காத்துக்கொண்டு இருக்காதேங்கோ.”

என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. குசினி நிலத்திலேயே குந்தியிருந்து அழுது தீர்த்தேன். பிறகு எழும்பி மூக்கைச் சிந்திவிட்டு, போத்தலில் மிஞ்சிய கடைசிச் சிட்டிகையை மூன்றாவது தட்டில் என் கையாலேயே போட்டேன். மச்சாளைக் கேட்கவில்லை.

மூன்று தட்டும் ஒரே காலையில் முளைத்தன. எப்பவோ போட்டதும் பிறகு போட்டதும் ஒரே உயரம். மச்சாள் வந்து பார்த்துவிட்டு, தன்னுடைய கைராசிதான் என்றாள். ஓம் என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

குளிர் சோஃபிக்கு முதல் நாள் உறைபனி எச்சரிக்கை வந்தது. கத்தரிக் கன்றுகள் வீட்டுக்குள் பத்திரம். உருளைக்கிழங்கைத்தான் அன்று மாலையே மூடியிருக்க வேண்டும், அசந்துவிட்டேன். வெயில் படுமுன் மூடினால் கொஞ்சமாவது தப்பும் என்று விடியவே அவர் இடுப்பில் உடுத்த பழைய சாரங்களை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

வேலிப் படலையைத் திறந்ததும் கண் தானாக அங்கேதான் போனது. புல் முழுக்க வெள்ளை. அந்த இடமும் வெள்ளை.

முழங்காலில் நின்று குனிந்து கையை வைத்தேன். மற்ற இடங்களைப் போலவே விறைத்துக் கிடந்தது. நான் விதைகளுக்குத்தான் சொன்னேன். அவருக்கும் கேட்டுவிட்டது.

உருளைக்கிழங்கு இலையெல்லாம் அன்று கறுத்துப்போயிற்று. சாரங்களை நான் அதற்குப் போடவில்லை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக அந்தப் புல்லின்மேல் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் ஓரங்களில் கல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.