ரயிலில் வராத தூக்கம்

மகள் ரயில் ஓட்டும் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். மருத்துவப் பரிசோதனைதான் பாக்கி. மூன்று வயதில் காய்ச்சலோடு அவளுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. பிறகு ஒருநாளும் இல்லை.

திருவொற்றியூரில் ரயில் ஏறியதும், "டாக்டராண்ட அந்த வலிப்பு மேட்டர எட்த்து வுடாத கண்ணு. வேலையே பூடும்" என்றேன்.

அவள் சிரித்தாள். "தெனமும் வண்டில குந்துன ஒடனே கொறட்ட வுட்டுகினு வர்றியே நைனா, ஓட்றவரு இன்னாத்த மறச்சிட்டு வந்தாருன்னு உனுக்குத் தெரியுமா?"

வெளியே கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. அன்று தூக்கம் வரவில்லை.

டாக்டரிடம் அவளே சொன்னாள். அவர் நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார். முடிவு வரும்வரை நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தகுதி என்று எழுதிக் கொடுத்த அன்று, அவள்தான் எனக்கு டீ வாங்கித் தந்தாள்.

திரும்பும்போது ராயபுரம் வருவதற்குள் கண் சொக்கியது. முன்னால் ஓட்டுபவர் யாரென்று தெரியாது. அவரும் ஒருநாள் ஒரு டாக்டர் எதிரே உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொல்லியிருப்பார். அந்த நம்பிக்கையில்தான் தூங்கினேன்.