இடது கையின் கோடு

டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக் கருவி பார்வைக்கு ஒரு தகரப்பெட்டிதான். பேட்டையில் ஒரு பட்டறையில் செய்து வாங்கியது. மூடியில் இரண்டு துளைகள். அவற்றின் வழியே இரண்டு நீண்ட இடுக்கிகள் உள்ளே போகும். உள்ளே, தையல் போட்டுப் பழக, சதைக்குப் பதிலாக ஒரு ரப்பர் விரிப்பு, மேலே சின்னக் கேமரா. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சையை மாணவர்கள் அதில்தான் பழகினார்கள். இரண்டு கைகளும் போய்வந்த பாதையைக் கணினி கோடுகளாக வரைந்து காட்டும். தேர்ந்த கையின் கோடு வழவழப்பாக இருக்கும். புதிய கையின் கோடு கோழி கிளறியது போலிருக்கும். வளைகுடாவில் வேலை போய் மேலப்பாளையத்துக்குத் திரும்பியிருந்த நான்தான் அதற்கான நிரலை எழுதினேன்.

டாக்டரம்மா இதில் இறங்கியதற்கான காரணத்தை ஒருமுறை சொன்னார். "என் முதல் தையலை ஒரு ஏழைப் பொம்பளை வயித்துலதான் போட்டுப் பழகுனேன் தம்பி. அவ கத்துன சத்தம் இன்னும் காதுல கேக்குது. இனி எந்தப் பிள்ளையும் உசுருள்ள உடம்புல பழகக்கூடாது." மாணவர்களின் கோடுகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி வேண்டும். அந்த மாதிரி டாக்டரம்மாவின் கைதான். பாளையங்கோட்டையில் அவரளவுக்குச் சுத்தமாகத் தையல் போட ஆளில்லை என்பார்கள்.

மாதிரியைப் புதிதாகப் பதிவு செய்ய அமர்ந்த ஒரு நாளில், அவருடைய இடது கையின் கோடு லேசாக நடுங்கியது. நான் கேமராவைத்தான் சந்தேகப்பட்டேன். மாற்றினேன். கம்பியை மாற்றினேன், நிரலை வரிவரியாகப் பார்த்தேன். நடுக்கம் போகவில்லை. பிறகு ஒரு மாணவியை உட்காரவைத்தோம். அவள் கோடு தெளிவாக விழுந்தது. டாக்டரம்மா மறுபடி இடுக்கிகளை எடுத்தார், தைத்தார், திரையைப் பார்த்தார், பைய கீழே வைத்தார்.

"கோளாறு உங்க பொட்டில இல்லை தம்பி," என்றார்.

மறுநாள் அவர் பித்தப்பை அறுவை செய்யவேண்டியிருந்தது, பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்கு. கட்டிலருகே போய்த் தானே சொல்லியிருக்கிறார், வேறு டாக்டர் செய்வார் என்று. "நீங்க பண்ணுவீயன்னுதானே வந்தேன்," என்று அந்தப் பெண் அழுதாளாம். "என் கையை நானே நம்பலம்மா," என்று சொல்லிவிட்டு வந்த டாக்டரம்மா, அதற்குப்பின் அறுவை அரங்குக்குள் போகவேயில்லை. நடுக்குவாதம் என்று நரம்பு மருத்துவர் சொன்னது பிறகுதான்.

டாக்டரம்மா உடனே நம்பிக்கையை விடவில்லை. கணினி வழியாக இயந்திரக் கையை இயக்கிச் செய்யும் அறுவையில், மனிதக் கையின் நடுக்கத்தை வடிகட்டிவிடலாமே என்றார். அதற்காகவே இருவரும் மாதக்கணக்கில் உழைத்தோம். ஒரு மாலையில் நடுக்கம் முழுக்க நீங்கி, கோடு பழையபடி வழவழப்பாக ஓடியது. அவர் சிறுபிள்ளை போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குமுன் கோடு நின்றுவிட்டது. கருவி கெட்டுவிடவில்லை. அவருடைய கைதான் பாதித் தையலில், ஊசியைப் பிடித்தபடியே உறைந்து நின்றது. அசைக்க முயல்வது முகத்தில் தெரிந்தது, கை அசையவில்லை.

"நடுங்குத கையைத் திருத்தலாம். நின்னுபோன கையை எப்படித் திருத்த?" என்று கேட்டார். அதற்கு எந்த நிரலிலும் வழியில்லை.

அத்துடன் ஆராய்ச்சி நின்றது. அறுவை செய்யாத ஒருவரை நம்பி யாரும் நிதி தரவில்லை. மாணவர்கள் படிப்பை முடித்துப் போனார்கள். புதிதாக வந்தவர்கள் பழையபடி நோயாளிகளின் உடம்பிலேயே பழகுகிறார்கள். அது டாக்டரம்மாவுக்கும் தெரியும்.

சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். மடியில் கிடந்த இரண்டு கைகளையும் டாக்டரம்மா யாருடையவையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கம் வருகிறதா என்று கேட்டேன், வேறு எதைக் கேட்பதென்று தெரியாமல்.

"வருது தம்பி. கனவுல தினமும் ஆபரேஷன் பண்ணுதேன். அங்கன கை நடுங்கவே இல்லை," என்றார். வார்த்தைகளும் இப்போது தயங்கித் தயங்கித்தான் வருகின்றன. "அதான் தூங்கவே பயமா இருக்கு. முழிக்கணுமே."