தரையோடு தாழ்ந்த காரைத் தூக்கிய பகல்

சபையில் நான் வாய் திறந்து பேசியதில்லை. இன்று பேசியே ஆக வேண்டும் என்று எழுந்து நிற்கிறேன். என் பெயர் எஸ்தர். என் கணவர் ஞானமுத்து திண்டுக்கல்லில் ஒரு புகையிலை வியாபாரியிடம் கார் ஓட்டுகிறார். அதோ, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் அங்கே உயிரோடு உட்கார்ந்திருப்பதுதான் என் சாட்சி.

அறுபத்திரண்டாம் வருஷம், தவக்காலம். அதற்கு முந்தின கார்த்திகையில் எங்கள் பெண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. ஏழே மாதம். விடிய விடிய முழங்காலில் நின்று கேட்டேன். கிடைக்கவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் வேதாகமத்தைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். இனி ஆண்டவரோடு பேச்சில்லை என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவேன், உட்காருவேன், போவேன். உதடு அசையாது. ஒருவருக்கும் தெரியாது. என் கணவருக்கு மட்டும் தெரியும். அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

முதலாளியின் கார் பழைய சீமைக் கார். புதிதாக வந்தபோதே தரையை ஒட்டித்தான் இருக்குமாம். அடியில் தாங்கும் வில்பட்டைகள் தளர்ந்து இன்னும் தாழ்ந்து போயிருந்தது. சின்னப் பழுது என்றால் இவர் வீட்டுக்கே கொண்டுவந்து, எங்கள் தகரக் கொட்டகையில் வைத்துப் பார்ப்பார். திருகுசாவி எடுத்துக் கொடுப்பது, விளக்குப் பிடிப்பது எல்லாம் நான்தான். ஜாக்கியை எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்பதெல்லாம் அப்படிப் பழகியதுதான்.

அன்று வெள்ளிக்கிழமை. முந்தின நாள் கோடை மழை பெய்து கொட்டகையின் மண் தரை ஊறியிருந்தது. சுவர்ப் பக்கத்து முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி, முன்பக்கமாக உள்ளே நுழைந்து மல்லாந்து படுத்திருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். தொப்பென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் என்னை ஓட வைத்தது.

ஜாக்கி ஈர மண்ணில் இறங்கிச் சாய்ந்திருந்தது. வெளியே அவருடைய இரண்டு கால்கள். சக்கரம் கழற்றிய இடத்து இரும்பு உருளை தரையில் குத்தி நின்றதால் வண்டி முழுதாக இறங்கவில்லை. ஆனால் அடிச்சட்டம் அவர் நெஞ்சின் மேல் இருந்தது.

"எஸ்தரு... மூச்சு விட முடியல புள்ள."

குனிந்து பார்த்தேன். உருளை கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் புதைந்துகொண்டிருந்தது.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் காதர் பாய் ஓடி வந்தார். தோல் பதனிடும் ஷாப்புக்கு லாரி ஓட்டுபவர். அவரோடு நாலைந்து ஆட்களும் வந்தார்கள். எல்லாரும் முன் பம்பரைப் பிடித்தார்கள்.

"தாயி, நீ ஒதுங்கு. ஒரே தூக்காத் தூக்கிருவோம்."

"வேணாம் பாய்! கை வழுக்குச்சுன்னா அவுக நெஞ்சு நொறுங்கிரும். வண்டி பின்னால உருண்டாலும் போச்சு. விடுங்க!"

நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. கையை எடுத்துவிட்டார்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து முட்டுக் கொடுக்கச் சொன்னேன். பக்கத்தில் வீடு கட்ட அறுத்துப் போட்டிருந்த மரச் சட்டங்களை அள்ளிவரச் சொன்னேன். இரண்டு சட்டங்களை அடிச்சட்டத்துக்குக் கீழே செருகியதும் புதைவது நின்றது.

பாய் லாரி ஜாக்கியைத் தூக்கி வந்தார். நல்ல கனமான ஜாக்கி. ஆனால் உள்ளே நுழையவில்லை. வண்டி அவ்வளவு தாழ்வு. நாலு விரற்கடை இடம் குறைந்தது.

பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லா, இது ஏறாதே தாயி!"

வண்டியை உயர்த்த முடியாது. அப்படியானால் தரையைத் தாழ்த்த வேண்டும். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் இடம்தான். கடப்பாரை போட வழியில்லை.

"நான் போறேன்" என்றேன்.

"நீயா? நம்ம ஆளு ஒருத்தன் போகட்டும்."

"எந்த இடத்துல வைக்கணும்னு எனக்குத்தேன் பாய் தெரியும்."

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நுழைந்தேன். இரும்புக் கரண்டியாலும் தேங்காய்ச் சிரட்டையாலும் தோண்ட ஆரம்பித்தேன். அப்போதுதான் என் கை நடுங்கத் தொடங்கியது. கரண்டி பிடியில் நிற்கவில்லை. மண்ணை அள்ளினால் பாதி திரும்ப உள்ளே விழுந்தது. அவர் மூச்சு வேறு விட்டுவிட்டு வந்தது.

அந்த இடத்தில், நாலு மாதத்துக்குப் பிறகு, ஆண்டவரிடம் பேசினேன். அழகான ஜெபம் அல்ல. கோபத்தோடு சொன்னேன். "பிள்ளையைக் கேட்டேன், நீர் தரவில்லை. இப்போது பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கை நடுக்கத்தை மட்டும் நிறுத்தும். மற்றதை நான் செய்கிறேன்."

பிரியமானவர்களே, நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. கை நின்றது. என் கையை யாரோ பிடித்துக்கொண்டது போல நின்றது. கரண்டி பிடியில் நின்றது, அள்ளிய மண் சிந்தாமல் வெளியே வந்தது.

ஒரு சாண் ஆழம் தோண்டினேன். ஈர மண்ணில் ஜாக்கி மறுபடி இறங்கிவிடக் கூடாதே? "பாய், அடுப்படியில அம்மிக்கல் இருக்கு. எடுத்தாங்க" என்றேன். அதைக் குழியில் ஆடாமல் பதித்து, அதன் மேல் ஜாக்கியை நிறுத்தினேன். சரியாக உட்கார்ந்தது.

அந்த இடுக்கில் ஜாக்கிக் கம்பியை முழுச் சுற்றுச் சுற்ற முடியாது. அரைச் சுற்றுதான். அரைச் சுற்று, மூச்சு, அரைச் சுற்று. விரலளவு ஏறியதும் ஒரு சட்டம் செருகுவேன், மறுபடியும் சுற்றுவேன். ஜாக்கி சரிந்தாலும் வண்டி சட்டங்களின் மேல் நிற்கும்படி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே வந்தேன்.

"சீக்கிரம் தாயி" என்றார் ஒருவர்.

"செத்த நேரம் பொறுங்க. அவசரப்பட்டுத்தேன் இப்படி ஆச்சு."

அடிச்சட்டம் அவர் சட்டையை விட்டு விலகியதைக் கண்ணால் பார்த்தேன். அவர் ஒரு நீண்ட மூச்சு இழுத்தார். அதைப் போல ஒரு சத்தம் நான் கேட்டதில்லை.

"இப்ப இழுங்க பாய். மெதுவா."

காலைப் பிடித்து மெல்ல வெளியே இழுத்தார்கள். குதிரை வண்டியில் கட்டிலின் பலகையைப் போட்டு, அவரைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று விலா எலும்பு முறிந்திருந்தது. நுரையீரலுக்குச் சேதமில்லை. வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் ஆளை உயிரோடு பார்த்திருக்க முடியாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் காதர் பாய் துண்டை விரித்துத் தொழுதார். நான் தூணில் சாய்ந்து, என் குழந்தைக்காக முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதேன்.

ஆறு வாரத்தில் அவர் எழுந்து நடந்தார். வேலைக்குத் திரும்பும் முன்பு கொட்டகைக்குச் சிமெண்டுத் தரை போட்டார். தேக்கில் நான்கு முட்டுக்கட்டைகள் செய்துகொண்டார். அவை நாலும் வண்டியைத் தாங்காமல் இன்றுவரை அடியில் தலையை விட்டதில்லை. மற்ற டிரைவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறார். "ஜாக்கி தூக்கத்தேன். தாங்குறதுக்குக் கட்டை வேணும்ல."

பிள்ளையை ஆண்டவர் ஏன் எடுத்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது. அந்தக் கேள்வியை நான் விடவில்லை. தினமும் விடியற்காலையில் கேட்கிறேன். முன்பு முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டேன், இப்போது முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். அம்புட்டுத்தான் வித்தியாசம். எனக்கு அதுவே பெரிய வாழ்வாக இருக்கிறது.

இந்தக் கூட்டத்திலும் ஆண்டவரோடு பேச்சை நிறுத்தியவர்கள் இருப்பீர்கள். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. உங்களுக்குத்தான் சொல்கிறேன். நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே பேசுங்கள். நான் அப்படித்தான் பேசினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.