தாளில் மடித்த மாத்திரை

போன் வந்தபோது காலை பத்து நாற்பது. உப்பைக் கிள்ளிப் போட்டு காய் வேகவைத்துக்கொண்டிருந்தாள் அவள். பேசியது கணவர் ஓட்டும் பஸ்ஸின் கண்டக்டர்.

“அக்கா, பதறாதீங்க. அண்ணன் இடது கையாலயே வண்டிய ஓரங்கட்டி பிரேக் போட்டுட்டாரு. பயணிங்க யாருக்கும் ஒண்ணுமில்ல. அவருக்குத்தான்… வாய் கோணிப்போச்சு. வலது கை தூக்க வரல.”

இருபத்திரண்டு வருடமாக ஒரே தடம். மூன்றரை மணி நேர ஓட்டம், நடுவில் நிறுத்தமே கிடையாது. நான்கு வருடங்களுக்கு முன் ரத்த அழுத்தம் என்று தெரிந்த அன்றே வீட்டில் உப்பு டப்பா மேல் தட்டுக்கு ஏறியது. பொரித்த பண்டம் வாசற்படி தாண்டவில்லை.

“இதத் திங்கறதுக்கு ஆஸ்பத்திரியிலயே படுத்துக்கலாம்” என்று முகத்தைச் சுளிப்பார் அவர்.

“படுத்துப் பாருங்க, அப்பத் தெரியும் என் அருமை.”

தினமும் மாத்திரையைத் தாளில் மடித்து அவர் சட்டைப் பையில் வைப்பாள். டிப்போவில் டிபன் முடிந்ததும் போட வேண்டும். எட்டு மணிக்கு போனில் கேட்பாள், போட்டாச்சா என்று.

“ஆச்சுங்க, இன்ஸ்பெக்டரம்மா.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்டக்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “போடமாட்டாருக்கா. லீவு நாள்ல மட்டுந்தான். அதப் போட்டா அரை மணிக்கொரு தடவ ஒண்ணுக்கு முட்டும். அறுபது பேர வெச்சுக்கிட்டு வண்டிய எங்க நிறுத்துவாரு?”

டிரைவர்களுக்குள் இது சகஜமாம். வருடாந்திரப் பரிசோதனைக்கு முன் ஒரு வாரம் லீவு போட்டு, வேளை தவறாமல் விழுங்குவார்களாம். அளவு சரியாக வந்துவிடும். வேலையும் தப்பிக்கும்.

“தெரிஞ்சிருந்துமா சும்மா இருந்தே?”

“சொன்னா வண்டிய விட்டு இறக்கிடுவாங்கன்னாரு, அக்கா.”

கணவருக்கு அதன்பின் பேச்சு வரவேயில்லை. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “நீர் பிரிக்கிற மாத்திரை தொந்தரவா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேற எழுதியிருப்பேனேம்மா. எத்தனையோ இருக்கே.”

நான்கு வருடம் உப்புக்குக் காவல் இருந்தவள் அவள். அழுகை வரவில்லை. அழுத்தம் பார்க்கும் மெஷின் அலமாரியில் இருந்தது. அதில் ஒரு தடவை பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். பேட்டரி தீர்ந்துபோய், வாங்கி வரச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். “இன்னிக்கு மறந்துட்டேன்” என்பார் ஒவ்வொரு நாளும்.

காரியம் முடிந்த மறுநாள், டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடந்த அவருடைய பையைக் கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பிரிக்காத தாள் மடிப்புகள் பதினேழு. அடியில் நான்கு பேட்டரி, உறை கிழிக்காமல். கடை ரசீது இரண்டு மாதத்துக்கு முந்தையது.

மெஷினில் பழைய பேட்டரிதான் இன்னும் இருக்கிறது.