பேர் எழுத வேண்டாத ஃபாரம்

ஷூ கம்பெனியில் எச்.ஆர். வேலை என்பது, மேலே இருந்து வரும் காகிதத்தைக் கீழே கொடுத்துவிட்டு, கீழே இருந்து வரும் முறைப்பை நாமே வைத்துக்கொள்வது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. சேர்ந்து பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான்.

எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. யாரையும் மதம் பார்த்தோ சாதி பார்த்தோ ஒதுக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். அதற்காகத் தொழிலாளர்கள் ஒவ்வொருவரிடமும் மதம், சாதி, கல்யாணம், உடல்குறை எல்லாம் கேட்டு எழுதி அனுப்ப வேண்டுமாம். 'சமவாய்ப்பு ஃபாரம்' என்று அதற்குப் பெயர்.

தமிழில் ஒரு வார்த்தை

ஃபாரத்தைத் தமிழாக்கி அனுப்பியது சென்னையில் ஒரு ஏஜென்சி. எட்டாவது கேள்வி, 'தங்கள் பாலியல் நாட்டம் யாது?' நான் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, டைம் ஆபீஸ் பாஷா பாயிடம் நீட்டினேன். அவர் ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான். கம்பெனி வாசலில் எல்லோருடைய வருகையையும் பதிவு செய்கிறவர். யார் எந்த ஊர் பஸ்ஸில் வருகிறார்கள் என்பதுவரை தெரியும்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். ஃபாரத்தை மெதுவாகத் திருப்பி என் மேஜையில், எழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைத்தார்.

"இத நான் லேடீஸ் கிட்ட கேட்டேன்னு வைங்க மேடம், சாயங்காலம் அவங்க வீட்டுக்காரங்க எல்லாம் என் வீட்டு வாசல்ல நிப்பாங்க. அதுக்கு இன்னொரு ஃபாரம் நீங்க அடிக்கணும்."

மொட்டைக் கடுதாசி

ஃபாரத்தின் தலையில் கொட்டை எழுத்தில் 'பெயர் எழுத வேண்டாம்' என்று போட்டிருந்தது. லைன் லைனாகப் போய் நானும் வாயால் சொன்னேன். "பேர் எழுதாதீங்க. யார் எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது. என்னைத் தவிர யாரும் இதைத் தொட மாட்டாங்க." எல்லோரும் தலையாட்டினார்கள்.

திரும்பி வந்த ஃபாரங்களைப் பார்த்தால், எல்லாவற்றிலும் பேர். பேருக்குக் கீழே டோக்கன் நம்பர், அதற்குக் கீழே போன் நம்பர். சிலர் அப்பா பேரும் போட்டிருந்தார்கள். ஒருத்தி மாதனூரில் தன் வீட்டுக்கு எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்பதையும் எழுதியிருந்தாள். கட்டிங் பிரிவில் இருக்கும் சரோஜாவைக் கூப்பிட்டு, "அவ்ளோ தூரம் சொன்னேனே, ஏம்மா பேர் போட்ட?" என்று கேட்டேன். என்னைவிட வயதில் பெரியவர். என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"பேர் போடாம குடுத்தா அது மொட்டக் கடுதாசி இல்லையா மேடம்? நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல."

எந்தப் பேர்

பேக்கிங்கில் இருக்கும் எஸ்தர் மட்டும் ஃபாரத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தாள். டீ நேரத்தில் எல்லோரும் வெளியே போன பிறகு என்னிடம் வந்தாள். ஃபாரம் நான்காக மடிந்திருந்தது.

சர்ச்சில் அவள் எஸ்தர். ஞாயிறு தவறாமல் போகிறவள், அங்கே பாடுகிறவள். பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் ஈஸ்வரி, இந்து. சாதிச் சான்றிதழும் அப்படியே. அவள் பையன் காலேஜில் படிப்பது அந்தச் சான்றிதழில் வரும் உதவித்தொகையில். மதம் மாறியது தெரிந்தால் சான்றிதழ் போய்விடும். ஆனால் பாஸ்டர் ஒருநாள் இந்த ஃபாரத்தைப் பார்த்துவிட்டால், கர்த்தரை மறுதலித்தேன் என்று ஆகிவிடும். இரண்டு பக்கமும் அவளுக்குப் பயம். "சொல்ல விரும்பவில்லைன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல டிக் போடு எஸ்தர்" என்றேன். அது இன்னும் மோசம் என்றாள். எதையோ மறைக்கிறாள் என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகுமாம்.

 அவள் கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது.

"அந்த வெளிநாட்டுக்காரங்களையே ஒரு வார்த்த கேட்டு சொல்லுங்க மேடம். அவங்களுக்கு வேலைக்கு யார் வேணும், எஸ்தரா, ஈஸ்வரியா?"

கட்டம் போதவில்லை

கல்யாணக் கேள்விக்கு ஐந்து கட்டங்கள். ஆனவர், ஆகாதவர், விவாகரத்தானவர், துணையை இழந்தவர், துணையோடு வாழ்பவர். பர்வீனுக்கு ஐந்தும் பொருந்தவில்லை. கணவர் டிரைவர் வேலைக்கு சவுதி போனவர். முதலில் போன் வந்தது, பிறகு மிஸ்டு கால் வந்தது, பிறகு அதுவும் இல்லை. தலாக் இல்லை, சாவுச் செய்தியும் இல்லை. மாமியாரைப் பர்வீன்தான் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள்.

"துணையோட வாழ்பவர்னு போட்டுக்கறேன் மேடம். அவர் இல்லாட்டியும் அவர் அம்மா கூடத்தானே வாழ்றேன்."

ஒரு டிக்

உடல்குறைக் கேள்விக்கு எல்லோரும் 'இல்லை' என்றே போட்டிருந்தார்கள். விரல் பாதி இல்லாதவரும் 'இல்லை', கால் இழுத்து நடப்பவரும் 'இல்லை'. 'உண்டு' என்று டிக் போட்டிருந்தது ஒரே ஒரு ஃபாரம். தையல் லைன் குமாரி.

குமாரிக்குச் சின்ன வயசில் காய்ச்சல் வந்து இடது காது போய்விட்டது. வலது காது சுமாராகக் கேட்கும், ஆனால் மெஷின் ஓடும்போது அதுவும் சும்மாதான். பக்கத்து மெஷின் பெண் தோளைத் தொட்டால் திரும்புவாள். இது லைனில் அந்தப் பெண்ணைத் தவிர யாருக்கும் தெரியாது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள் என்பதால் சூப்பர்வைசர் அவளுக்கு வைத்திருந்த பேர் 'திமிரு'. காது கேட்காதவள் என்பதைவிடத் திமிர் பிடித்தவள் என்பது வேலைக்குப் பாதுகாப்பு என்று இத்தனை வருஷமாக அதையே சுமந்துகொண்டு வந்திருக்கிறாள்.

"இத்தன நாள் சொல்லாம இருந்துட்டு இப்ப ஏம்மா போட்ட?" என்றேன்.

"யாரும் பாக்க மாட்டாங்கன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

கத்தரிக்கோல்

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். கட்டிங் பிரிவிலிருந்து தோல் வெட்டும் பெரிய கத்தரிக்கோலை வாங்கிவந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு ஃபாரத்தின் தலையையும் பேரோடும் நம்பரோடும் வெட்டினேன். வெட்டிய துண்டுகளையெல்லாம் கிழித்துத் தோல் கழிவோடு போட்டுவிட்டேன். கட்டைவிரல் கொப்பளித்துவிட்டது.

எதற்கு எத்தனை டிக் என்ற கணக்கை மட்டும் எழுதி மேனேஜருக்கு அனுப்பினேன். மறுநாளே கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "அந்த ஒரு ஆள் யாரும்மா? மெஷின்ல குறை உள்ளவங்கள வெச்சு ஏதாவது ஆச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும்? கணக்கு முடிச்சு அனுப்பிடலாம், பேரைச் சொல்லு" என்றார். பேரெல்லாம் வெட்டியாச்சு சார் என்றேன். கொண்டுவா என்றார். கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். தலையில்லாத ஃபாரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

"ஏம்மா, எச்.ஆருக்கு யாரும்மா கத்தரிக்கோல் குடுத்தது?"

விளக்கு

வெளிநாட்டுக்காரர்கள் அந்த ஒரு டிக்கைப் பிடித்துக்கொண்டார்கள். தீ விபத்து மணி அடித்தால் காது கேட்காதவருக்கு எப்படித் தெரியும், சுழலும் விளக்கு மாட்டினீர்களா, போட்டோ அனுப்புங்கள் என்று மெயில். மேனேஜர் உடனே விளக்கு மாட்டினார். வரவேற்பறையில், சோபாவுக்கு மேலே. "அங்க காது கேக்காதவங்க யாரும் இல்லையே சார்" என்றேன். "ஆள் யாருன்னு சொல்லு, அவங்க தலைக்கு மேல மாட்டறேன்" என்றார். நான் என் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன்.

பிறகு ஒருநாள் தீயணைப்பு ஒத்திகை. மணி அடித்தது, எல்லோரும் வெளியே ஓடிவந்து வரிசையில் நின்றோம். பக்கத்து மெஷின் பெண் அன்று லீவு. ஜன்னல் வழியாகப் பார்த்தால், காலி ஹாலில் குமாரி மட்டும் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறாள்.  சூப்பர்வைசர் உள்ளே ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்தார். அத்தனை பேர் முன்னால் மேனேஜர் கத்தினார். "மணி அடிச்சா கேக்காதா?"

நான் குறுக்கே போவதற்குள் அவளே பேசிவிட்டாள். குரல் கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருந்தது.

"கேக்காது சார். ஒரு காது சின்ன வயசுலயே போய்டுச்சு. இன்னொண்ணு மெஷின் சத்தத்துல போய்டும். அந்த டிக் போட்டது நான்தான். இத்தன வருஷத்துல நான் தச்சது ஒரு ஜோடி திரும்பி வந்துருக்கா, இவரையே கேளுங்க. விளக்க சோபாவுக்கு மாட்டிட்டு என்ன ஏன் சார் திட்றீங்க?"

 மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டே, "இவ வேலைல ரிஜெக்‌ஷன் ரொம்பக் கம்மி சார்" என்றார். மேனேஜர் உள்ளே போய்விட்டார். அந்த வாரம் முழுக்க, குமாரியின் கணக்கை முடிக்கச் சொல்வார் என்று போன் அடிக்கும்போதெல்லாம் பயந்துகொண்டிருந்தேன். சொல்லவில்லை. வாரக் கடைசியில் எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து, சோபாவுக்கு மேலிருந்த விளக்கைக் கழற்றித் தையல் லைனில் மாட்டினார்.

அடுத்த மாதம் கேன்டீனில் குமாரியைப் பார்த்தேன். அவளுடைய வலது பக்கமாகப் போய் உட்கார்ந்து, இப்போது லைனில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். முன்னாடிலாம் சூப்பர்வைசர் திட்னா எனக்குக் கேக்காது. இப்ப மறக்காம வலது பக்கம் வந்து திட்றாரு."

சமவாய்ப்பு என்றால் என்ன என்று இப்போது யாராவது கேட்டால், ஒவ்வொருவரையும் அவரவருக்குக் காது கேட்கும் பக்கமாக வந்து திட்டுவது என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது.