பச்சை மருந்து

வெம்பக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டில் ஓலைக் கொட்டகையாகத் தொடங்கி, லைசென்ஸ் வாங்கி, தனித்தனி அறைகளாகக் கட்டி ஒரு பட்டாசு ஆலையை உருவாக்கியவன் நான். சாத்தூரில் குடோன் கட்டினேன். பங்காளிகள் கைவிரித்தார்கள், ஒரு மழை முழுச் சீசனையும் கொண்டுபோனது. அதற்கும் அசராமல் ரயிலேறிப் போய் வடக்கே ஆர்டர் பிடித்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. இந்தி படித்தது ரயிலில். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். என் மகள் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த கதையில் மட்டும் என்னை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிக்குள் அடைக்கிற பொடிதான். மாத்திரை, டானிக் எல்லாம் அப்புறம். பச்சையாக எரிவது பச்சை மருந்து. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலம், மகள் பதினொன்றாவது படிக்கிறாள். ஈரம் பட்ட பச்சை மருந்து தானாகச் சூடேறிப் பற்றிக்கொண்டது. கொட்டகைக் காலத்திலிருந்து என்னோடு இருந்த ஆளுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. என் காரிலேயே விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சேதி கேட்டு மகளும் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்துவிட்டாள்.

டாக்டர் வெளியூர்க்காரர். கையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்டார். அந்த ஆளின் மனைவி, “பச்சை மருந்துங்கய்யா” என்றாள்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “தீக்காயத்துல பச்சிலை வைக்கச் சொன்னது யாரு?”

தான் எதையும் வைக்கவில்லை என்று அவள் சத்தியம் செய்து அழுதாள். நான் விளக்கினேன். அப்படியானால் அதற்குள் என்ன இருக்கிறது என்றார். பச்சை உப்பு, வெள்ளிப் பொடி என்று ஆலையில் நாங்கள் சொல்லும் பெயர்களைச் சொன்னேன். “கெமிக்கல் பேரைச் சொல்லுங்க” என்றார். மகள் எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடினாள். ஆலைக் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, பச்சை உப்புச் சாக்கில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லவைத்து, எழுதிக்கொண்டு வந்து, “பேரியம் நைட்ரேட்” என்றாள். அது உடம்பில் ஏறினால் விஷமாம்; அதன் பிறகே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆள் பிழைத்தார். விரல்கள் மடங்குவதில்லை.

பன்னிரண்டாவதில் நல்ல மார்க். சொந்தமெல்லாம் கம்ப்யூட்டர் என்றது. என் மச்சினன், “பொட்டப்புள்ளைய கெமிக்கலுக்கு அனுப்பிட்டு, மாப்பிள்ளைக்கு எங்கன ஆர்டர் போடப் போறீக மச்சான்?” என்றான். எனக்கும் கம்ப்யூட்டர்தான் மனசில்.

சென்னையில் கவுன்சலிங். நாங்கள் உட்கார்ந்த மேசையில், திரையில் கம்ப்யூட்டர் சீட் காலியாக இருந்தது. ஒருமுறை அமுக்கினால் அமுக்கியதுதான். மகள் என் பக்கம் திரும்பினாள்.

“இம்புட்டு வருசமா ஆலை நடத்துறீகப்பா. டாக்டர் கேட்டப்ப நம்மகிட்ட ஒரு பேரு இல்ல. ஈரம் பட்டா ஏன் சூடேறுது, சூடேறாத பச்சை பண்ண முடியுமான்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சுக்கிட்டு வேற எங்கயும் நிக்க மாட்டேன், நம்ம ஆலைக்கு வந்துருவேன்.”

“ஏத்தா, படிச்சும் தெரியலைன்னா?”

“தெரியலைன்னு சொல்லுவேன். சும்மா மருந்துன்னு சொல்லி மழுப்ப மாட்டேன்.”

மேசைக்காரர் அவசரப்படுத்தினார். நான்தான் சொன்னேன்: “கெமிக்கல் போடுங்க.”

படித்தாள், சொன்னபடி வந்தாள். இப்போது எங்கள் அறைக் கதவுகளில் உள்ளே இருக்கும் சரக்கின் முழுப் பெயரும் தமிழில் எழுதியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அவளே வாயால் சொல்லிக்கொடுத்தாள். சூடேறாத பச்சை இன்னும் கைக்கு வரவில்லை. வரவில்லை என்றுதான் சொல்கிறாள்.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில், ஏன் இதைப் படித்தேன் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அவளை அழைத்தார்கள். டாக்டரைச் சொன்னாள், அழுத மனைவியைச் சொன்னாள், கெமிஸ்ட்ரி டீச்சரைச் சொன்னாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்னை ஏன் சொல்லவில்லை என்று வரும் வழியில் கேட்டதற்கு, “உங்களச் சொன்னா பெருமையடிச்ச மாதிரி ஆயிருமேப்பா” என்றாள்.

அவளுக்குக் கூச்சம். எனக்கு இல்லை. சொந்தம் மொத்தமும் ஒரு பக்கம் நிற்க, காலி சீட்டு கண்முன் இருக்க, அந்த மேசையில் வாய் திறந்து சொன்னவன் அவளுடைய அப்பன். இனி இந்தக் கதையை யார் சொன்னாலும் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.