தறாவீஹ் நேரத்துக் காவல்

எங்கட பழைய அலாரத்தை இந்தச் சின்ன ஒழுங்கையில் எந்த வீட்டுக்காரரும் நம்பியதில்லை. பூனை மதிலால் பாய்ந்தாலும் கத்தும், வௌவால் முருங்கையைச் சுற்றினாலும் கத்தும். மச்சான் சவுதியிலிருந்து ஆசையோடு கொண்டுவந்து தந்த பெட்டி என்பதால் கழற்ற மனமில்லாமல் வைத்திருந்தேன்.

போன வருடம் நோன்பில், நானும் மனைவியும் இரவில் தறாவீஹ் தொழுகைக்குப் போயிருந்த நேரம் அது கத்தியிருக்கிறது. அன்று தன் வீட்டிலேயே நின்ற பக்கத்து வீட்டுத் தங்கச்சி, பூனைதான் பாயுது என்று பேசாமல் இருந்துவிட்டா. வந்து பார்த்தால் எங்கள் பின்கதவு நெம்பித் திறந்து கிடந்தது. தண்ணி மோட்டரைக் காணவில்லை.

மோட்டர் போனால் வேறு வாங்கலாம். ஆனால் அடுத்த நாள் தொடக்கம் மனைவி தொழுகைக்கு வரவில்லை. மகள் மருமகனோடு வெளிநாட்டில். அவளுடைய நகையெல்லாம் எங்கள் அலுமாரியில். எங்களூரில் பெண்களுக்கு மதரசா மண்டபத்தில் தனியாகக் கூட்டுத் தொழுகை, ஜமாஅத், உண்டு. மாதம் முழுக்கத் தொழுது குர்ஆனை ஓதி முடிப்பார்கள். முதல் இரவிலிருந்து, ஓதி முடிக்கும் கத்தம் வரைக்கும் ஒரு நாளும் விடாமல் அதில் நிற்க வேண்டும் என்பது அவவின் நெடுநாள் ஆசை. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது முடியவில்லை. பிறகு மாமி படுக்கையில் கிடந்தா. இப்போதுதான் மாதாமாதம் தொழுகை விட்டுப்போகும் நாட்களும் நின்றுவிட்ட வயது. அந்த நேரம் பார்த்து இப்படி.

"நான் வீட்ட நிக்கிறன், நீ போ புள்ள" என்றேன்.

"இது எண்ட சீதன வீடு. வந்து குடியிருக்கிற ஆளுக்கு என்னத்துக்குக் காவல் வேல? நீங்க பள்ளிக்குப் போங்க" என்று சிரித்தா. சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டா. பள்ளி ஒலிபெருக்கியில் ஓதுவது கேட்க, தனியே பாயை விரித்துத் தொழுதா.

இந்த வருடம் நோன்புக்கு முன்னமே இதற்கொரு முடிவு கட்டுவது என்று நிய்யத்து வைத்தேன். கல்முனை பஸாரில் ஏறி இறங்கி, கடைசியில் அலாரம் பூட்டும் ஒருவரை வீட்டுக்கே கூட்டி வந்தேன்.

"அசைவு பாக்கிற சாமான் உங்கட வளவுக்குச் சரிவராது காக்கா. பூனைக்கும் கத்தும். கதவு ஜன்னலுக்குக் காந்தத் துண்டு பூட்டுவம். துறந்தா மட்டுந்தான் கத்தும்."

சைரனில் நாலைந்து சத்தம் போட்டுக் காட்டினார். நீளமாக ஊளையிடும் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே இருந்து மனைவி, "அத வேணாம் எண்டு சொல்லுங்க. அந்தச் சத்தத்தக் கேட்டா சனம் சுனாமியில மாதிரிக் கடல் வருகுதெண்டு மேற்க பாத்து ஓடும்" என்றா. விட்டு விட்டுக் கத்தும் சத்தத்தை எடுத்தோம்.

கதவு திறந்தால் போனுக்கும் அடிக்குமாம். யார் யாருடைய நம்பர் போடுவது என்று கேட்டார். நான் பெருமையாகச் சொல்லத் தொடங்கினேன். என்னுடையது, மச்சானுடையது, முன்வீட்டுக் காக்காவுடையது, எதிர்வீட்டு மாஸ்டருடையது.

திரைக்குப் பின்னால் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "நல்ல ஆக்களத்தான் புடிச்சீங்க. நாலு பேரும் பள்ளில ஒரே சஃப்ல தோளோட தோள் நிப்பீங்க, நாலு போனும் ஓஃப்ல கிடக்கும். அலாரம் ஆருக்கு அடிக்கிற?"

பூட்ட வந்தவர் கையிலிருந்த ஸ்குரூ கீழே விழும் அளவுக்குச் சிரித்தார். "ராத்தா சொல்றது சரிதான் காக்கா. போன நிப்பாட்டச் சொல்லிப் பள்ளி வாசல்லயே எழுதியும் இரிக்கி."

பிறகு திரைக்குப் பக்கத்தால் ஒரு பட்டன் போன் நீண்டது. "இந்த நம்பர முதலாவதாப் போடுங்க தம்பி."

"இது ஆர்ர போன்?" என்றேன்.

"ஒழுங்கைர போன்."

ஒழுங்கையில் இருபது வீடு. மாதத்தில் தொழுகை இல்லாத நாட்களில் வீட்டில் நிற்கும் பெண் ஒருத்தியாவது எந்த நாளும் இருப்பா. போன் அவவின் கையில் இருக்கும். அவவுக்குத் தொழுகை வந்ததும் அடுத்தவவின் கைக்குப் போகும். பெண்கள் தங்களுக்குள் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டிருக்கிறார்கள். நான் வாயைத் திறக்க, "போன் ஆர்ர கையில, ஏன் எண்டு ஆம்புளையள் கேக்கப்படாது" என்று மனைவி மூடிவிட்டா.

நோன்பு வந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தப் போன் சில நாட்களில் மதிலுக்கு மேலால் கைமாறும். நாங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி நடப்போம். மனைவி ஒரு நாளும் விடாமல் தொழுதா.

நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் ஒரு நாள், இமாம் நீண்ட சூராவை ஓதிக்கொண்டிருக்க, எங்கட சைரன் விட்டு விட்டுக் கத்தியது. தொழுகையை விட்டு ஓடலாமா என்று கால் துடித்தது. போன் ஒழுங்கையில் இருக்கிறது என்பது ஞாபகம் வந்ததும் அப்படியே நின்று தொழுதேன். ஸலாம் கொடுத்து அந்தத் தொழுகை முடிந்ததும் பாதிச் சஃப் என்னோடு ஓடி வந்தது.

எங்கள் வாசல் கேட்டடியில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி நின்றா. ஒரு கையில் பட்டன் போன், மறுகையில் உலக்கை. பின்னால் வேறு இரண்டு பெண்கள், ஆளுக்கொரு டோர்ச்சோடு.

"ஜன்னலத் துறந்திட்டான் காக்கா. உள்ளுக்குக் கால் வைக்கல்ல. எங்கட சத்தத்தில மதிலால பாஞ்சிட்டான். செருப்பு ஒண்டுதான் மிச்சம்." போன வருடத்துக்கும் சேர்த்துச் சொல்வது போலிருந்தது அவவின் குரல்.

"நாங்க வந்து என்னத்துக்கு?" என்று மாஸ்டர் சிரித்தார்.

கடைசியாகத் தொழும் வித்ரும் தொழுது முடித்து, மற்றப் பெண்களோடு ஆறுதலாக நடந்து வந்தா மனைவி.

"சைரன் கேக்கல்லயா?"

"கேட்டிச்சு."

"அப்ப ஓடி வரல்லயே?"

"போன் ஆர்ர கையில எண்டு எனக்குத் தெரியுமே." செருப்பை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தா. "புதுசு. பாவம், பெருநாளைக்கு எடுத்ததாக்கும்."

கத்தம் ஓதிய இரவு, துஆ கேட்டு அழுத கண்ணோடு வந்து எனக்குப் பேரீச்சம்பழப் பொட்டலத்தை நீட்டினா. "முழுசா முடிச்சிட்டன்" என்றா. அல்ஹம்துலில்லாஹ். அந்த மாதம் ஒழுங்கையில் எத்தனையோ கைக்குப் போன பட்டன் போன், அவவின் கைக்கு மட்டும் ஒரு நாளும் வரவேயில்லை.